கோழி கொடுத்த எழுத்து

நாமக்கல் பக்கத்துப் புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. காலை ஏழரை மணி இருக்கும். குஞ்சு ஷெட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், காலித் தீவனச் சாக்கை விரித்து அதன்மேல் செத்த குஞ்சு ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். முப்பது நாள் குஞ்சு. இறகு சிலிர்த்திருந்தது, பின்புறமெல்லாம் வெள்ளை எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தது. கால்நடை மருத்துவரான என் நண்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கத்தரியால் வயிற்றைத் திறந்தார். ஈரலைப் பார்ப்பார், குடலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். இரண்டையும் ஒதுக்கிவிட்டு நேராக வாலடிக்குப் போனார். எச்சத்துவாரத்துக்கு மேலே, முதுகுப் பக்கமாக ஒரு சிறிய உருண்டை. சுண்டைக்காய் அளவுக்கு இருக்கவேண்டியது நெல்லிக்காயாகப் பருத்து, மேலே மஞ்சள் கூழ் பூசினாற்போல் இருந்தது. குறுக்கே வெட்டி விரித்தார். உள்ளே புத்தகத் தாள்போல மடிப்பு மடிப்பாகச் சதை. மடிப்புகளில் ரத்தப் புள்ளிகள்.

“கம்போரோதானுங்க” என்றார்.

பண்ணைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பதினாலாம் நாளே கண்ணுல சொட்டு விட்டமேங்க டாக்டர்?”

“விட்டீங்க. அன்னிக்கு அதுகளுக்கு அம்மா குடுத்துவிட்டது இன்னும் தீரலையாட்ட இருக்குதுங்க.”

அம்மா கொடுத்தது என்ன, அது தீராமல் இருந்ததால் மருந்து ஏன் வீணாயிற்று என்பதற்குப் பின்னால் வருகிறேன். அன்று என் கண் அந்த உருண்டையை விட்டு நகரவில்லை. அதன் பெயர் பர்சா. உலகத்தில் உள்ள ஒவ்வொரு உயிரியல் பாடநூலிலும் அதன் முதலெழுத்து அச்சாகியிருக்கிறது. நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களில் பி செல், டி செல் என்று இரண்டு வகை உண்டு என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். டி என்பது தைமஸ் சுரப்பியைக் குறிக்கும் எழுத்து. பி எதைக் குறிக்கிறது என்று கேட்டால், எலும்பு மஜ்ஜையின் ஆங்கிலப் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது என்பதால், பலரும் அதையே சொல்வார்கள். அது தற்செயலான பொருத்தம். பி என்பது பர்சாவின் பி. கோழியின் வாலடியில் இருக்கும் இந்தப் பைதான் மனித உடலின் ஒரு பெரும் படைக்குப் பெயர் கொடுத்தது. முட்டையால் பிழைக்கும் நாமக்கல் மண்ணில் வளரும் பிள்ளைகளுக்காவது இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தொண்டையில் புண் வந்தால் தாடைக்குக் கீழே கட்டி கட்டியாக வீங்கும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் வலிக்கும். “நெறி கட்டியிருக்கு” என்று வீட்டுப் பெரியவர்கள் தடவிப் பார்த்துச் சொல்வார்கள். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. அங்கே கூடிப் பெருகுபவை லிம்போசைட் என்னும் நிணநீர்ச் செல்கள்; வெள்ளையணுக்களில் ஒரு வகை. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் இவை ஒரு லட்சம் கோடிக்கும் மேல். ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரே வகையான ஏற்பியை வைத்திருக்கிறது. ஒரு பூட்டுக்கு மட்டும் பொருந்தும் சாவிபோல, அது ஒரு குறிப்பிட்ட கிருமியின் ஒரு குறிப்பிட்ட மூலையைத்தான் பிடிக்கும். கிருமி வந்த பிறகு சாவி செய்யப்படுவதில்லை என்பதுதான் இதில் எனக்கு இன்றும் வியப்பு. வரப்போகும் கிருமிகளைப் பற்றி எதுவும் தெரியாமலேயே கோடிக்கணக்கான சாவிகளை உடல் முன்கூட்டியே அடித்து வைத்திருக்கிறது. பொருந்திய ஒன்று மட்டும் பெருகுகிறது. அந்தப் பெருக்கத்தைத்தான் பாட்டி கையால் தடவிப் பார்க்கிறார்.

இத்தனை சாவிகள் எங்கே அடிக்கப்படுகின்றன, தவறான சாவியை யார் தூக்கியெறிகிறார்கள் என்று கேட்டால் முதல் பதில் கோழியிடமிருந்துதான் வந்தது.

இத்தாலியின் பாதுவா நகரில் உடற்கூறியல் கற்பித்தவர் ஃபாப்ரீசியஸ். ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹார்வியின் ஆசிரியர். முட்டையும் குஞ்சும் உருவாவது பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1621இல் வெளிவந்தது. கோழியின் பின்புறத்தில் உள்ள இந்தப் பையை அதில் அவர் விவரித்திருந்தார். சேவலின் விந்தைச் சேமித்து வைக்கும் இடம் என்று எண்ணினார். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பையின் பெயரில் ஃபாப்ரீசியஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். பையின் வேலை மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

1952இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோழியியல் படித்துக்கொண்டிருந்த புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர், பேராசிரியர் கூஸ் வகைப் பெருவாத்து ஒன்றை அறுத்துக் காட்டும்போது அந்த உருண்டையைச் சுட்டி இது என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்று பதில் வந்தது. கிளிக் இளங்குஞ்சுகளின் பர்சாவை அறுத்தெடுத்து வளர்த்துப் பார்த்தார். குஞ்சுகள் வளர்ந்தன, மேய்ந்தன. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆய்வு அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

அப்போது உடன் படித்த திமோதி சாங் என்ற மாணவருக்கு, கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் எப்படி உண்டாகிறது என்று வகுப்பில் செய்துகாட்டச் சில கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கின் கூண்டில் சும்மா நின்றவற்றை வாங்கிப் போனார். சால்மொனெல்லா கிருமியின் பொருளை ஊசியில் ஏற்றினார். சில கோழிகள் செத்தன. பிழைத்தவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருளே இல்லை. வகுப்பில் செய்துகாட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று. காலில் கட்டியிருந்த எண்களை வைத்து இருவரும் சரிபார்த்தபோது, எதிர்ப்பொருள் தராதவை அத்தனையும் சிறுவயதில் பர்சா எடுக்கப்பட்டவை என்று தெரிந்தது.

புகழ்பெற்ற சயின்ஸ் இதழ் இந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1956இல் கோழி வளர்ப்புத் துறைக்கான ‘போல்ட்ரி சயின்ஸ்’ இதழில் அது வெளியானது. மனித நோய்களை ஆராய்ந்தவர்கள் அந்த இதழைப் புரட்டுவதில்லை. ஆகவே அடுத்த சில ஆண்டுகள் அது தீவனக் கட்டுரைகளுக்கும் முட்டை ஓட்டுக் கட்டுரைகளுக்கும் நடுவில் கிடந்தது. நோய் எதிர்ப்பியலின் ஓர் அடித்தளக் கல் கோழிக்காரர்களின் இதழில் கிடைத்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றுகிறது.

1961இல் லண்டனில் ஜாக் மில்லர் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அறுத்தெடுத்தார். குட்டிகள் இளைத்தன, நோயில் விழுந்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட அதை அன்னியம் என்று தள்ளத் தெரியவில்லை. மார்பெலும்புக்குப் பின்னால் கிடக்கும் அந்தச் சுரப்பிக்கும் ஒரு வேலை உண்டு என்று அன்றுதான் உறுதியாயிற்று.

ஆக, இரண்டு உறுப்புகள். இரண்டும் செய்வது ஒரே வேலையா, வேறு வேறா? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவராக இருந்த மாக்ஸ் கூப்பருக்கு இந்தக் கேள்வி நோயாளிகளிடமிருந்து வந்தது. சில குழந்தைகளுக்கு எதிர்ப்பொருளே சுரப்பதில்லை. ஆனால் ரத்தத்தில் லிம்போசைட்டுகள் ஓடுகின்றன. 1952இல் ஆக்டன் புரூட்டன் விவரித்த எட்டு வயதுச் சிறுவன் அப்படித்தான் மீண்டும் மீண்டும் கிருமித் தொற்றில் விழுந்தான். ஒரே வகை அணு என்றால் இது எப்படி? கூப்பரும் அவருடைய ஆசிரியர் ராபர்ட் குட்டும் கோழிக்குத் திரும்பினார்கள். முன்பு செய்தவர்களின் சோதனையில் ஒரு ஓட்டை இருந்ததைக் கூப்பர் பார்த்தார். குஞ்சு பொரித்து வெளிவரும்போதே பர்சாவிலிருந்து கொஞ்சம் அணுக்கள் உடலுக்குள் போயிருக்கும். பையை அறுத்தால் போனவை திரும்புமா? எனவே அறுத்த கையோடு கதிர்வீச்சும் கொடுத்து, முன்பே வெளியேறியவற்றையும் அழித்தார்கள். அப்போது படம் தெளிந்தது. பர்சா இல்லாத கோழிக்கு எதிர்ப்பொருள் இல்லை. ஆனால் லிம்போசைட்டுகள் இருந்தன. தைமஸ் இல்லாத கோழிக்கு லிம்போசைட்டுகள் குறைந்தன. அன்னியத் தோலைத் தள்ளும் வலு குன்றியது. 1965இல் இது வெளியானது. ஒரு படையல்ல, இரண்டு படைகள். இரண்டு பயிற்சிக் கூடங்கள். சில ஆண்டுகளில் டி, பி என்ற எழுத்துகள் நிலைத்துவிட்டன. மில்லரும் கூப்பரும் 2019இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மனிதனுக்குப் பர்சா கிடையாது. எந்தப் பாலூட்டிக்கும் கிடையாது. அப்படியென்றால் நம் பி செல்கள் எங்கே படிக்கின்றன? குடல்வால், தொண்டைச் சதை, சிறுகுடலின் நிணத்திட்டுகள் என்று ஒன்பது ஆண்டுகள் தேடினார்கள். கருவில் ஈரலும், பிறந்தபின் எலும்பு மஜ்ஜையும்தான் அந்த இடம் என்பது 1974இல் தெளிவாயிற்று. கோழியில் தனி ஓட்டுக் கட்டடமாக நின்ற பள்ளிக்கூடம், நம்மில் விலா, இடுப்பு, முதுகெலும்பு என்று எலும்புகளின் உள்ளே பரவிக் கிடக்கிறது. தனிக் கட்டடமாக இருந்த இடத்தில்தான் கண்டுபிடிப்பது எளிது. எலியை மட்டுமே அறுத்துக்கொண்டிருந்திருந்தால் இந்தப் பிரிவினையை உலகம் இன்னும் எத்தனை ஆண்டு தாமதித்து அறிந்திருக்குமோ.

சாவி அடிக்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அதற்குச் சேலம் பக்கத்து இளம்பிள்ளைதான் எனக்கு நினைவு வருகிறது. வீதிக்கு வீதி தறிச் சத்தமும் சேலைக் கடையும். ஒரு சேலைக்கு உடல் ஒரு வடிவம், முந்தானை ஒரு வடிவம், பார்டர் ஒரு வடிவம். நாற்பது உடல், இருபத்துமூன்று முந்தானை, ஆறு பார்டர் இருந்தால் 5,520 விதச் சேலை நெய்யலாம். நம் எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் பி செல் இதையேதான் தன் மரபணுவில் செய்கிறது. எதிர்ப்பொருள் என்னும் அந்தச் சாவியின் பெரிய சங்கிலியை எழுத நம்மிடம் முழு மரபணு எதுவும் இல்லை, துண்டுகள்தான் உண்டு. வேலை செய்யும் முதல் வகைத் துண்டு ஏறத்தாழ 40, இரண்டாம் வகை 23, மூன்றாம் வகை 6. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து, நடுவில் உள்ளதை வெட்டி எறிந்து, செல் தன் மரபிழையையே ஒட்டுப் போடுகிறது. ராக் என்ற இரட்டை நொதிகள் வெட்டுகின்றன. ஒட்டும் இடத்தில் இன்னொரு நொதி மரபெழுத்துகளைத் தன் போக்கில் செருகுகிறது. சிறிய சங்கிலிக்கும் இதேபோல் ஒரு சேர்க்கை. பெருக்கிக்கொண்டே போனால் எண்ணிக்கை கோடிகளைத் தாண்டிவிடும். உடலின் ஓர் அணு தன் மரபணுவைத் தானே வெட்டி மாற்றிக்கொள்ளும் என்று 1976இல் சுசுமு தொனெகாவா காட்டியபோது உயிரியலாளர்கள் திகைத்துப் போனார்கள். 1987இல் நோபல் பரிசு அவருக்கு வந்தது.

கோழிக்கு இந்த வசதி இல்லை. அதனிடம் வேலை செய்யும் உடல் துண்டு ஒன்றே ஒன்றுதான். எல்லாக் குஞ்சும் அந்த ஒரே சேலையைத்தான் முதலில் நெய்கின்றன. ஆனால் பக்கத்திலேயே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. சிறிய சங்கிலிக்கு 25, பெரிய சங்கிலிக்கு ஏறத்தாழ 80 பழைய சேலைகள். எதுவும் கட்டுவதற்கு ஆகாது. போலி மரபணுக்கள் என்று அறிவியலில் சொல்வது இவற்றைத்தான். பர்சாவுக்குள் புகுந்த பி செல், இந்தப் பெட்டியிலிருந்து ஒரு முழம், இரண்டு முழம் என்று கிழித்துத் தன் ஒரே சேலையில் ஒட்டுத் தைக்கிறது. ஒவ்வொரு பகுப்பின்போதும் இன்னொரு ஒட்டு. கடைசியில் எந்த இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வீட்டில் பாட்டிகள் பழைய துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைக்கு இதைவிடப் பொருத்தமான உறவு வேறு இல்லை.

முட்டைக்குள் 21 நாள் கணக்கு இது. அடைவைத்த எட்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை முன்னோடி அணுக்கள் ரத்தத்தின் வழியே வந்து பர்சாவில் குடியேறுகின்றன. அதற்கு முன்னும் வாசல் திறக்காது, அதற்குப் பின்னும் திறக்காது. பைக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் நுண்ணறைகள். ஓர் அறைக்குச் சில அணுக்கள் மட்டும். பதினைந்தாம் நாளை ஒட்டி ஒட்டுத் தையல் தொடங்குகிறது. குஞ்சு ஓட்டைக் கொத்தி வெளிவரும்போது ஒட்டுப்போட்ட அணுக்கள் மண்ணீரலுக்கும் மற்ற இடங்களுக்கும் புறப்பட்டுக்கொண்டிருக்கும். உள்ளே பிறப்பவற்றில் பெரும்பாலானவை வெளியே வருவதே இல்லை. நூற்றுக்கு ஐந்து என்பது ஆய்வாளர்களின் கணக்கு. தையல் பிசகியவை, ஏற்பி சரியாக அமையாதவை எல்லாம் அங்கேயே தாமாக மடிகின்றன.

தைமஸில் கழிவு இன்னும் கடுமை. கோழிக்கு அது கழுத்தின் இருபுறமும் மணிமாலைபோல ஏழேழு துண்டுகளாகத் தொங்குகிறது. நமக்கு மார்புக்கூட்டுக்குள், இதயத்துக்கு மேலே. மஜ்ஜையிலிருந்து வரும் முன்னோடி அணுக்கள் சுரப்பியின் வெளிப்பகுதியில் இறங்கி, தங்கள் ஏற்பியைச் சேர்த்து நெய்து முடித்ததும் முதல் தேர்வு. நம் அணுக்கள் ஒவ்வொன்றும் தன் உள்ளே இருக்கும் புரதத் துணுக்குகளை ஒரு தட்டில் ஏந்தி வெளியே காட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டைப் பிடிக்கவே தெரியாத டி செல் எதற்கும் உதவாது. அதற்கு வாழ்வதற்கான சமிக்ஞை கிடைப்பதில்லை, மூன்று நான்கு நாளில் மடிகிறது. பிடிக்கத் தெரிந்தவை உட்பகுதிக்கு நகர்கின்றன. அங்கே இரண்டாம் தேர்வு: சொந்த உடலின் துணுக்கைப் பார்த்து வெறிகொண்டு பாய்கிறதா?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இன்சுலின் கணையத்தில் சுரப்பது. தைமஸுக்குள் அமர்ந்திருக்கும் டி செல் அதை எப்படிப் பார்க்கும்? தைமஸின் உட்பகுதிச் செல்கள் ஏர் என்ற ஒரு மரபணுவின் உதவியால் உடலின் பற்பல உறுப்புகளின் புரதங்களையும் சிறுகச் சிறுகத் தாமே தயாரித்துக் காட்டுகின்றன. கணையத்தின் மாதிரி, தைராய்டின் மாதிரி, கண்ணின் மாதிரி. ஊரில் உள்ள எல்லார் முகத்தையும் காட்டி, இவர்களை அடிக்கக் கூடாது என்று காவலாளிக்குச் சொல்லும் ஏற்பாடு. கேட்காதவை அழிகின்றன. சில மட்டும் அழியாமல், மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் சமாதானக்காரர்களாக மாறுகின்றன. ஷிமோன் சகாகுச்சி அவற்றை 1995இல் அடையாளம் காட்டினார். பிறந்த மூன்றாம் நாள் தைமஸை எடுத்த எலிகள் தம் உறுப்புகளையே தாக்கிக்கொண்டதைப் பார்த்ததிலிருந்து தொடங்கிய தேடல் அது. 2025இல் அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. தைமஸுக்குள் நுழையும் நூறில் தேறி வெளியே வருவது இரண்டு முதல் ஐந்து வரைதான்.

வெளியே வருபவையும் முழுத் தேர்ச்சி பெற்றவை அல்ல. பி செல்லின் கடைசிப் பாடம் அந்த நெறியில்தான். கிருமி வந்ததும், அதைப் பிடித்த பி செல் பெருகுகிறது. பெருகும்போது தன் எதிர்ப்பொருள் மரபணுவில் வேண்டுமென்றே சிறு பிழைகள் விடுகிறது. பிழையால் பிடி இறுகியவை பிழைக்கின்றன, தளர்ந்தவை மடிகின்றன. துணைநிற்பது டி செல். அதனால்தான் தைமஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குப் பி செல் இருந்தும் நல்ல எதிர்ப்பொருள் கிடைப்பதில்லை. இந்தச் சுற்றில் தேறியவற்றில் ஒரு பகுதி எதிர்ப்பொருளைக் கொட்டும் பிளாஸ்மா செல்லாகி மஜ்ஜைக்குத் திரும்பி ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிடும். இன்னொரு பகுதி நினைவுச் செல்லாகச் சுற்றும்.

இனிப் பண்ணைக்காரரின் கேள்விக்கு வருகிறேன்.

கம்போரோ என்பது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஓர் ஊரின் பெயர். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் கண்ட நோயை 1962இல் காஸ்குரோவ் என்பவர் விவரித்தார், ஊர்ப்பெயரே நோய்ப்பெயராயிற்று. எத்தனையோ வைரஸ்கள் எத்தனையோ உறுப்புகளைத் தேடிப் போகின்றன. இது தேடிப் போவது பர்சாவில் படித்துக்கொண்டிருக்கும் இளம் பி செல்லை. பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து மாணவர்களைக் கொல்லும் நோய். மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை, பர்சா நிறைந்து நிற்கும் பருவத்தில்தான், குஞ்சுகள் கொத்துக்கொத்தாய்ச் சாகின்றன. 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் கிளம்பிய கொடிய வடிவம் 1990களில் நம் நாட்டுக்கும் வந்தது. தடுப்பில்லாத முட்டைக்கோழிக் குஞ்சுகளில் பாதிக்கு மேல் போய்விடும்.

மூன்று வாரத்துக்கு முன்பே வைரஸ் புகுந்தால் இன்னொரு துயரம். குஞ்சு சாகாது, சோர்வுகூடத் தெரியாது. ஆனால் பர்சா சத்தமில்லாமல் சுருங்கிவிடும். அதன்பின் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு எத்தனை முறை லசோட்டா தடுப்பு மருந்து கொடுத்தாலும் உடம்பில் ஏறாது. திமோதி சாங்கின் கோழிகளுக்கு நேர்ந்ததுதான். அங்கே கத்தி செய்ததை இங்கே வைரஸ் செய்கிறது. “மருந்து வேலை செய்யல” என்று பண்ணைகளில் வரும் புகாரில் ஒரு பங்காவது, மருந்தின் குறையாக இல்லாமல் படிக்கப் பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தின் குறையாக இருக்கும் என்பது என் நண்பரின் அனுபவம்.

அம்மா கொடுத்தது என்று அவர் சொன்னது மஞ்சள் கருவை. தாய்க்கோழி தன் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை மஞ்சள் கருவுக்குள் ஏற்றி அனுப்புகிறது. குஞ்சு பொரித்த முதல் வாரங்களில் அதைக் காப்பது அந்தச் சீதனம்தான். சில நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் கரைந்துகொண்டே போகும். இருக்கும்வரை நோயைத் தடுக்கும். ஆனால் தடுப்பு மருந்தும் பலம் குறைத்த உயிர் வைரஸ்தானே, அதையும் அது பிடித்து அழித்துவிடும். மருந்து சீக்கிரம் கொடுத்தால் அம்மாவின் எதிர்ப்பொருள் அதை விழுங்கிவிடுகிறது. தாமதித்தால் அம்மாவின் காப்பு தீர்ந்த இடைவெளியில் வெளி வைரஸ் முந்திக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் சில நாள்தான். ஒரே பேட்ச் குஞ்சுகளிலும் அந்த நாள் ஒன்றுக்கொன்று மாறும். இளம் தாய்க்கோழி, முதிய தாய்க்கோழி என்று பல கூட்டத்து முட்டைகளும் கலந்து வருவதால். அதனால்தான் சில குஞ்சுகளின் ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் அளவு பார்த்து நாள் குறிக்கச் சொல்கிறார்கள். 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் நாமக்கல்லில் இது எட்டாத வசதி அல்ல.

அன்று பண்ணைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அப்ப அம்மா குடுத்ததே குஞ்சுக்கு வினையாப் போச்சுங்களா?” என்றார். நண்பர் உடனே மறுத்தார். அது இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே வைரஸ் புகுந்திருக்கும் என்றார். அந்தக் கேள்வி எனக்குள் வெகுநேரம் இருந்தது.

டி செல்லுக்கும் கோழியில் ஒரு பகைவன் உண்டு. மாரெக் நோய். அது டி செல்லைக் கொல்லாமல் புற்றாக்குகிறது. நரம்பு வீங்கி, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கோழி கிடக்கும். குஞ்சுப் பொரிப்பகத்திலேயே, பிறந்த அன்றே, கழுத்துத் தோலுக்கடியில் அதற்கு ஊசி போட்டுத்தான் பண்ணைக்கு அனுப்புகிறார்கள். புற்றுநோய் ஒன்றைப் பெருமளவில் தடுத்த முதல் தடுப்பூசி இது. மனிதருக்கு அப்படி ஒன்று வருவதற்கு முன்பே நம் ஊர்க் குஞ்சுகள் போட்டுக்கொண்டுவிட்டன.

மறுபடி அந்தப் பண்ணைக்குப் போனது மூன்று மாதம் கழித்து. புதுக் குஞ்சு விட்டிருந்தார்கள். ரத்தம் பார்த்து நாள் குறித்திருந்தார் நண்பர். பதினெட்டாம் நாள். இம்முறை தண்ணீர் மருந்து. முதல் நாளே தொட்டியில் குளோரின் போடுவதை நிறுத்தியிருந்தார்கள். விடியற்காலையில் குழாயை மூடி, குஞ்சுகளுக்குத் தாகம் எடுக்கவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்தார்கள். மருந்துக் குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் திறந்தார்கள். நீலச் சாயமும் கொஞ்சம். குழாயைத் திறந்ததும் ஷெட் முழுக்க ஒரே கீச்சொலி. சற்று நேரம் கழித்துப் பண்ணைக்காரரின் மருமகள் வரிசையாகக் குஞ்சுகளைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு நீலமாக இருந்தால் குடித்திருக்கிறது.

பக்கத்து ஷெட்டில் முட்டை ஓய்ந்த கோழிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூண்டில் செத்துக் கிடந்த ஒன்றை நண்பர் வழக்கம்போல் திறந்தார். வாலடியில் எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை. கத்தி முனையால் ஒரு நூலளவு திசுவைத் தூக்கிக் காட்டினார். முட்டையிடும் வயது நெருங்கும்போதே பர்சா சுருங்கத் தொடங்கிவிடும் என்றார். நம் தைமஸும் பருவ வயதுக்குப் பின் கொழுப்பாக மாறிக்கொண்டே போகிறது.

“பள்ளிக்கூடமே இல்லாம இத்தன நாள் இதுக்கு எப்படீங்க தாங்குச்சு?” என்று பண்ணைக்காரர் கேட்டார்.

நண்பர் மண்ணீரலைப் பிதுக்கிக் காட்டினார். கருஞ்சிவப்பில், கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருந்தது. “படிச்சு முடிச்சதுகளெல்லாம் இங்கதானுங்க இருக்குது.”

தட்டில், கடைசியாக உருவாகத் தொடங்கியிருந்த மஞ்சள் கருக்கள் மூன்று நான்கு, கடுகு முதல் எலுமிச்சை வரை அளவில், ஒரு கொத்தாகத் தொங்கின. அவற்றுக்குள்ளும் அந்தக் கோழியின் எதிர்ப்பொருள் ஏறியிருந்தது.